குதிரில் நெல், சாவி ஈரலிடம்

தேர்வில் நான் கோட்டை விட்ட வினா ஒன்று உண்டு. ஐம்பது வயது மாது, ஐந்தாண்டுகளாக முடக்குவாதம், ஹீமோகுளோபின் 9.5, சிவப்பணுக்களின் பருமன் இயல்பு, சீரம் இரும்பு 30, மொத்த இரும்புப் பிணைப்புத் திறன் 200, ஃபெரிட்டின் 320. எவ்வகைச் சோகை? இரும்பு குறைந்திருப்பதைக் கண்டேன், மேலே படிக்கவில்லை. "இரும்புப் பற்றாக்குறை" என்று எழுதிவிட்டு, வெற்றி வீரனைப்போல் வெளியே வந்தேன்!

மதிப்பெண்ணோடு போயிற்றா? இல்லை. விவேக் நகரில் நான் குடியிருக்கும் வீட்டு அம்மாளுக்கும் முடக்குவாதம். வியாழன்தோறும் குழந்தை இயேசு ஆலயத்துக்கு நடந்தே செல்பவர், "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது தம்பி" என்றார். இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுத்த மேதை நானே. நான்கு மாதம் விழுங்கினார். மலச்சிக்கல் வந்தது, சோகை அசையவில்லை.

காரணம் என்ன? நாட்பட்ட அழற்சி கண்ட உடல், கிருமி புகுந்ததாகவே எண்ணிக்கொள்கிறது. கிருமிக்கும் இரும்பு வேண்டுமன்றோ? ஆகவே ஈரல் ஹெப்சிடின் என்னும் பொருளைச் சுரந்து குதிரைப் பூட்டிவிடுகிறது. குடலும் இரும்பை உள்ளே விடுவதில்லை. விண்ட்ரோபும் கார்ட்ரைட்டும் 1940-களிலேயே இச்சோகையை ஆராய்ந்தனர். பூட்டுகிற கை எதுவென்று 2000-ஐ ஒட்டியே தெரியவந்தது.

தேர்வில் ஏமாறும் இடம் இதுதான்: சீரம் இரும்பு இரு சோகையிலும் குறையும், டிரான்ஸ்ஃபெரின் செறிவும் குறையலாம். எனவே வண்டியையும் குதிரையும் பாருங்கள். உண்மைப் பற்றாக்குறையில் நெல் தேடி உடல் வண்டிகளைப் பெருக்கும்; பிணைப்புத் திறன் 400-ஐத் தாண்டும், ஃபெரிட்டின் 30-க்குக் கீழே விழும். நாட்பட்ட நோய்ச் சோகையிலோ வண்டிகள் குறைவு, குதிர் நிறைவு.

ஆனால் ஃபெரிட்டினும் பொய் சொல்லும்! அழற்சியே அதனை உயர்த்திவிடும். அழற்சி உள்ளவருக்கு 100-க்குக் கீழ் இருந்தால் பற்றாக்குறையும் கூட இருக்கலாம் என்று ஐயுற வேண்டும். சோகை மலிந்த நம் நாட்டில் இவ்விரண்டும் கைகோத்து வருவது புதிதன்று. தேர்வுத்தாள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கும். நோயாளி அவ்வாறு வருவதில்லை.

ஒருவழியாக அம்மாளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ஃபெரிட்டின் 60. வாதத்துக்கான மருந்தை அவர் மாற்றினார். இரும்பை நரம்பு வழியே செலுத்தினார். "தம்பி கொடுத்த மாத்திரையும் சரிதானே டாக்டர்?" என்று அம்மாள் எனக்காகப் பரிந்து கேட்டார். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.