பழைய காரில் எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப்: ஒயரிங் குறிப்புகள்

களமருதூர் பக்கம் அம்பாசிடர், பத்மினி, கார்புரேட்டர் மாருதி 800 வைத்திருப்பவர்களுக்குக் கோடை வந்தால் கவலைதான். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குச் சின்ன கியரில் ஏறும்போது, இன்ஜின் சூட்டில் பெட்ரோல் டியூபுக்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். டேங்க் அருகே எலக்ட்ரிக் பம்ப் வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். ஆனால் ஒயரிங்கில் அசட்டை கூடவே கூடாது.

1. சாவி லைனிலிருந்து பம்புக்கு நேராக ஒயர் இழுக்காதீர்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப், இன்ஜின் நின்றால் தானும் நின்றுவிடும். எலக்ட்ரிக் பம்ப் அப்படியல்ல. வண்டி மோதி இன்ஜின் அணைந்தாலும், சாவி ஆனில் இருக்கும்வரை அறுந்த டியூப் வழியே பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். உயிரைப் பறிப்பது இதுதான்.

2. அதனால் மூன்று முனை ஆயில் பிரஷர் சுவிட்ச் வாங்குங்கள். ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் லைனிலிருந்தும், இன்ஜின் ஓடத் தொடங்கியபின் ஆயில் அழுத்தம் இருக்கும்வரை சாவி லைனிலிருந்தும் அது கரன்ட் கொடுக்கும். டேஷ்போர்டு ஆயில் விளக்குக்கான சுவிட்ச் இதற்கு உதவாது. அது அழுத்தம் இல்லாதபோதுதான் இணையும். காயில் துடிப்பைப் பார்த்து இயங்கும் ரிலேயும் நல்ல வழியே.

3. மோதினால் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்றையும் சேருங்கள். செங்குத்தாக, பாடியில் உறுதியாகப் பொருத்த வேண்டும்.

4. பம்புக்குக் கரன்ட் கொடுக்க ஒரு சாதாரண ரிலே வையுங்கள்: அதன் முனைகளில் 30-க்கு பேட்டரி, 87-க்கு பம்ப், 85-க்கு எர்த், 86-க்கு ஆயில் சுவிட்ச், இனர்ஷியா சுவிட்ச் வழியாக வரும் லைன். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பம்பின் தேவையைப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுங்கள். அது எரிந்தால் பெரிய ஃபியூஸ் போடாமல் காரணத்தைத் தேடுங்கள்.

5. ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம், லக் வைத்து அழுத்துங்கள். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். எர்த் போல்ட் அடியில் பெயின்டைச் சுரண்டிவிடுங்கள். மிகப் பழைய பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் எர்த்தில் இருக்கும். பார்க்காமல் இணைத்தால் பம்ப் போய்விடும்.

6. கார்புரேட்டருக்கு 2 முதல் 4 பிஎஸ்ஐ அழுத்தமே போதும். இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தள்ளும். மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

7. பம்ப் டேங்குக்கு அருகில், அதைவிடத் தாழ்வாக, சைலன்சருக்கு எட்டத்தில். முன்னால் ஃபில்டர்.

8. பழைய பம்பைக் கழற்றி, துளையைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து அடையுங்கள். லைனிலேயே விட்டால், அதன் டயஃப்ரம் கிழியும் நாளில் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலக்கும்.

9. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் டியூப் அதில் ஊறி இளகும். எத்தனாலைத் தாங்கும் டியூபைக் கேட்டு வாங்கி, கிளிப்புகளையும் புதிதாகப் போடுங்கள்.

10. வேலைக்கு முன் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். ஆகவே குழிக்குள் இறங்காமல் திறந்தவெளியில் செய்யுங்கள். பீடி, சால்டரிங் இரண்டும் அருகே வரக்கூடாது. தீயணைப்பு சிலிண்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

11. முடிந்ததும் சோதியுங்கள்: சாவி ஆன், இன்ஜின் ஆஃப். பம்ப் சத்தம் கேட்கக்கூடாது. கேட்டால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.