பெயரும் பொருளும்: கணினிக் கேஷில் கோப்புகளின் இடமாற்றம்

அடிக்கடி வேண்டப்படும் பொருளை அருகில் வைத்துக்கொள்ளுதல் இல்லறத்தார் அறிந்த சிக்கனம். கணினிக்கும் அச்சிக்கனம் உண்டு. தொலைவிலிருந்து ஒருமுறை பெற்ற பக்கத்தை வட்டில் சேமித்து, மீண்டும் கேட்போர்க்கு அங்கிருந்தே வழங்கும் ஏற்பாட்டைக் ‘கேஷ்’ என்பர். இகோர் சிசோயெவ் என்னும் உருசியப் பொறியாளர் உருவாக்கி, 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘என்ஜின்எக்ஸ்’ என்னும் மென்பொருளைச் சான்றாகக் கொண்டு, வட்டில் கோப்புகள் இடம்பெயரும் முறையை ஈண்டு நோக்குவோம்.

தற்காலிகக் கோப்பின் தேவை

ஒரு பக்கம் பகுதி பகுதியாகவே வந்து சேர்கிறது. வரவர அதனை உரிய பெயரிலேயே எழுதினால், எழுதி முடியுமுன் கேட்பவர்க்கு அரைகுறைப் பக்கமே கிட்டும். இல்லாத பக்கத்தினும் குறைப்பக்கம் தீங்கானது. இல்லையெனில் மென்பொருள் மீண்டும் சென்று பெற்றுவரும். குறையாயின் அதனையே நிறைவென நம்பிப் பலர்க்கும் வழங்கிவிடும். ஆதலின் முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, நிறைவுற்றபின் உரிய பெயரிட்டுக் கேஷில் சேர்ப்பர்.

பெயர் மாற்றமும் படியெடுப்பும்

யூனிக்ஸ் வகைக் கணினிகளில் கோப்பின் பெயர் ஓரிடத்திலும் உள்ளடக்கம் வேறிடத்திலும் உள்ளன. அடைவு என்பது பெயர்களையும் அவற்றிற்குரிய எண்களையும் கொண்ட பட்டியலே. நூலகப் பட்டியலில் ஒரு பதிவைத் திருத்துவதால் அலமாரியிலுள்ள நூல் அசைவதில்லை அன்றோ? அதுபோல, ஒரே கோப்பு முறைமைக்குள் நிகழும் இடமாற்றம் பதிவுத் திருத்தமே ஆகும். கோப்பு சிறிதாயினும் பெரிதாயினும் உழைப்பு ஏறத்தாழ ஒன்றே. அன்றியும் இச்செயல் பகுக்க இயலாதது. நோக்குவோர் பழைய நிலையையோ புதிய நிலையையோ காண்பரன்றி இடைநிலையைக் காணார்.

தற்காலிக அடைவு வேறொரு கோப்பு முறைமையில் இருப்பின் நிலை மாறுகிறது. உள்ளடக்கம் முழுவதையும் படித்து, மறுபுறம் மீண்டும் எழுதி, முன்னதை அழித்தல் வேண்டும். விண்டோஸ் கணினியில் டி பகுதிக்குள்ளேயே நகர்த்திய கோப்பு நொடியில் செல்வதும், சி பகுதியிலிருந்து டி பகுதிக்கு நகர்த்தியது காலம் கொள்வதும் இதனாலேயே. வட்டு ஒன்றாயினும் பகுதிகள் இரண்டாயின் படியெடுப்புத் தவிர்க்க இயலாதது.

எளிமையாக்கம்

2015ஆம் ஆண்டில் வெளிவந்த 1.7.10 பதிப்பு இதற்கு நேர்வழி வகுத்தது. ‘யூஸ் டெம்ப் பாத்’ என்னும் அமைப்பை ‘ஆஃப்’ என வைத்தால், தற்காலிகக் கோப்பு கேஷ் அடைவுக்குள்ளேயே எழுதப்படும். அதன் பெயர் வேறாதலின், கேட்போர்க்கு அது வழங்கப்படாது. எழுதி முடிந்ததும் பெயர் மட்டும் மாறும். ஒருமுறை எழுதியதை மறுமுறை எழுதும் வீணுழைப்பு ஒழியும்.

முடிவுரை

ஆகவே, கேஷ் அமைக்கும் மாணவர் தற்காலிக அடைவும் கேஷ் அடைவும் ஒரே கோப்பு முறைமையில் உள்ளனவா என முதலில் வினவுதல் வேண்டும். லினக்ஸில் ‘டிஎஃப்’ என்னும் கட்டளை அதற்கு விடை தரும். பொருளை நிறைவாக ஆக்கிய பின்னரே பெயரிடுக என்னும் இவ்வொழுங்கில் விரைவும் நம்பகமும் ஒருங்கே அமைகின்றன.