பிறந்த குழந்தைக்கு ஒரு குரோஷா போர்வை: புதிதாகப் பின்னுவோருக்கு முழுமையான வழிகாட்டி

பரிசாக வரும் கைப்பின்னல் போர்வைகள் பலவும் பீரோவின் மேல்தட்டிலேயே கிடந்துவிடுகின்றன. அழகில்லாமல் அல்ல. குழந்தைக்கு வேர்க்கும், உடம்பில் குத்தும், துவைத்தால் என்னாகுமோ என்ற பயம்தான். தினமும் எடுத்துப் புழங்கும் போர்வை ஒன்றைப் பின்னுவதற்கான வழி இது.

குரோஷாவா, நிட்டிங்கா?

முதல் போர்வைக்கு குரோஷாவே நல்லது. நிட்டிங்கில் ஒரு வரிசைக் கண்ணிகள் மொத்தமும் ஊசியில் நிற்கும். ஒன்று நழுவினால் கீழ்வரிசைகள் வரை அவிழ்ந்துகொண்டே போகும். குரோஷாவில் கொக்கியில் நிற்பது ஒரே ஒரு வளையம். தவறு நேர்ந்தால் நூலை இழுத்துப் பிரித்துவிட்டு, அந்த இடத்திலிருந்து தொடரலாம். என்ன, நூல் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

நூலும் ஊசியும்

ஃபேன்ஸி ஸ்டோரில் ‘உல்லன்’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக். ஊட்டிக்கோ கனடாவுக்கோ போகும் போர்வை என்றால் அது போதும். சென்னை, மதுரை வெயிலுக்குப் பருத்தி நூல்தான். 8 பிளை நூல் 400 முதல் 500 கிராம் தேவைப்படும். எல்லாப் பந்துகளையும் ஒரே தடவையில் வாங்குங்கள். லேபிளில் உள்ள சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எண் மாறினால் போர்வையின் நடுவே நிறமும் மாறும்.

பஞ்சுபோல மயிர் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைத் தொடாதீர்கள். பிஞ்சு வாய்க்குள் இழை போகும். எண்ணெய்க் குளியலும் மஞ்சளும் புழங்கும் வீட்டுக்கு வெள்ளைப் போர்வை கொடுப்பவர் துவைத்துப் பார்த்ததில்லை என்று பொருள். இளமஞ்சள், சாம்பல் பச்சை நல்லவை.

குரோஷா ஊசி, அதாவது கொக்கி, 4.5 மி.மீ. பாட்டி டிவிக்கு விரிப்புப் பின்னிய மெல்லிய ஸ்டீல் ஊசி இதற்கு ஆகாது.

முதலில் ஒரு மாதிரி

போர்வை முப்பதுக்கு முப்பது அங்குலம் இருந்தால் போதும். கீழே சொல்லும் பின்னலில் நான்கு அங்குல அகலத்துக்கு ஒரு துண்டு பின்னி, கண்ணிகளை எண்ணுங்கள். 16 வந்தால் முப்பது அங்குலத்துக்கு 120. உங்கள் கை இறுக்கமாக இருந்தால் எண்ணிக்கை கூடும். அதற்கேற்பக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்தத் துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம்.

அவ்வளவு பெரிதாகத் தனியாளாகப் பின்ன மலைப்பாக இருந்தால், நான்கு தோழிகள் ஆளுக்கொரு 15 அங்குலச் சதுரம் பின்னி இணைக்கலாம். 2016 ஜனவரியில் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் கின்னஸ் சாதனைக்காக விரித்த 11,148.5 சதுர மீட்டர் போர்வையும் பலர் பின்னியதைச் சேர்த்ததுதான்.

பின்னும் முறை

‘ஹாஃப் டபுள்’ என்ற பின்னலே இதற்குப் பொருத்தம். அடர்த்தியாக வரும், விரல் நுழையும் ஓட்டை இருக்காது. 120 கண்ணிக்கு 122 சங்கிலி போடுங்கள். சங்கிலி இறுகினால் போர்வையின் அடிப்பக்கம் சுருங்கும். ஆகவே அதற்கு மட்டும் 5 மி.மீ. ஊசி எடுக்கலாம்.

கொக்கியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, கொக்கியிலிருந்து மூன்றாவது சங்கிலிக்குள் நுழைத்து, நூலை இழுங்கள். கொக்கியில் மூன்று வளையங்கள் இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி மூன்றுக்குள்ளும் ஒரே இழுப்பு. ஒரு கண்ணி முடிந்தது. வரிசை முழுக்க இதே வேலை. முடிவில் 120 கண்ணி வரும். இரண்டு சங்கிலி போட்டுத் திருப்பி, முதல் கண்ணியிலிருந்தே அடுத்த வரிசையைத் தொடங்குங்கள். அந்தச் சங்கிலியைக் கண்ணியாக எண்ண வேண்டாம்.

புதியவர்களின் போர்வை மேலே போகப் போகக் குறுகும். வரிசையின் கடைசிக் கண்ணி கண்ணுக்குத் தப்பிவிடுவதுதான் காரணம். ஒவ்வொரு வரிசையிலும் முதல், கடைசிக் கண்ணிகளில் ஒரு ஊக்கு மாட்டுங்கள். ஊக்கு மாட்டிய கண்ணிகளில் பின்னல் விழுந்தால் எண்ணிக்கை சரி. எண்பது வரிசை வாக்கில் போர்வை சதுரமாகிவிடும். வேலை முடிந்ததும் ஊக்குகளை எண்ணி எடுத்துவையுங்கள்.

முனைகளை மறைத்தல்

அலுப்பான வேலைதான், ஆனால் அவசரப்படக் கூடாத இடம் இது. பிரிந்த இழை பிஞ்சு விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே தடைபடும். நூல் முனையை ஆறு அங்குலம் விட்டு வெட்டி, பெரிய காதுள்ள ஊசியில் கோத்து, ஒரு பக்கம் செருகி, திரும்ப எதிர்ப்பக்கம், பிறகு மறுபடி முதல் பக்கம் என்று மூன்று முறை ஓட்டுங்கள். பொத்தான், மணி, குஞ்சலம் எதுவும் வேண்டாம்.

கொடுக்கும் நேரம்

பிள்ளை பிறக்கும் முன் துணிமணி சேர்க்கக் கூடாது என்று பார்க்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. வளைகாப்புக்குக் கொண்டுபோகாமல் தொட்டில் போடும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அவகாசம் கிடைக்கும். ஒருமுறை துவைத்து, தட்டையாக விரித்து உலர்த்திக் கொடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரப்பருத்தி தன் எடையிலேயே நீண்டுவிடும். இதையும், நூலின் வகையையும், ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்துவையுங்கள்.

இன்னொன்றையும் தாயிடம் வாய்விட்டே சொல்லிவிடுங்கள்: குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. அதுவரை இந்தப் போர்வை மடியில் போட்டுக் கொஞ்சுவதற்கும், பக்கத்தில் ஆள் இருக்கும்போது தரையில் விரித்துக் குப்புற விழவிடுவதற்கும் மட்டுமே.