வாக்கி-டாக்கியை ஓரங்கட்டிவிடலாமா?

கேள்வி: சோழவரத்தில் எங்களுக்கு இரண்டு குடோன், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பேக்கிங் யூனிட். இரண்டு ஊருக்கும் நடுவே லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். கையில் இருக்கும் வாக்கி-டாக்கிகள் பழசாகிவிட்டன, காம்பவுண்டைத் தாண்டினால் கேட்பதில்லை. சிம் போட்டு, பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கிப் பேசும் முரட்டு போன்களை ஒரு விற்பனையாளர் காட்டினார். ‘இந்தியா முழுக்கப் பேசலாம், லைசென்ஸ் தொல்லை இல்லை’ என்கிறார். எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?
- டிஸ்பாட்ச் மேற்பார்வையாளர், சோழவரம்

பதில்: எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். லாரிக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் போன் வாங்குங்கள். குடோனுக்குள் வாக்கி-டாக்கியே இருக்கட்டும்.

விற்பனையாளர் சொன்னது பொய்யில்லை. சோழவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சுமார் 20 கிலோமீட்டர். கையில் பிடிக்கும் வாக்கி-டாக்கி எவ்வளவு நல்லதானாலும் நேரடியாக அவ்வளவு தூரம் எட்டாது. எட்ட வைக்க உயரமான கோபுரத்தில் ரிப்பீட்டர் வேண்டும், அதற்கு அலைவரிசை ஒதுக்கீடும் உரிமமும் வேண்டும். விற்பனையாளர் காட்டிய, பொத்தானை அமுக்கிப் பேசும் இந்த ‘புஷ் டு டாக்’ போனில் உங்கள் குரல் 4ஜி டேட்டாவாக டவருக்குப் போய், அங்கிருந்து ஒரு சர்வருக்குப் போய், குழுவில் உள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்து விழுகிறது. நம்பர் போட வேண்டாம், மணி அடித்து எடுக்கக் காத்திருக்க வேண்டாம். தச்சூர் கூட்டுச்சாலையில் லாரி மாட்டிக்கொண்டால், யூனிட்டில் இருப்பவருக்கும் குடோனில் இருப்பவருக்கும் ஒரே பேச்சில் தகவல் போய்விடும். வண்டி எங்கே நிற்கிறது என்பதும் திரையில் தெரியும். உங்கள் தொழிலுக்கு இது பெரிய உதவி.

இது புது யோசனையும் இல்லை. அமெரிக்காவில் கட்டடத் தொழிலாளர்களும் லாரிக்காரர்களும் நெக்ஸ்டெல் போனை இப்படித்தான் பல வருடம் பயன்படுத்தினார்கள். அதை நடத்திவந்த ஸ்பிரிண்ட் நிறுவனம் 2013 ஜூனில் நெக்ஸ்டெல் வலையமைப்பையே மூடியது. அத்தோடு அந்தப் போன்களும் பயனற்றுப் போயின. வலையமைப்பு அடுத்தவருடையது என்றால் அதன் ஆயுளும் அவர் கையில்தான்.

இப்போது உங்கள் குடோனுக்கு வருவோம். பெரும்பாலும் கூரையும் சுவரும் தகர ஷீட்டாக இருக்கும், உள்ளே கூரை வரை இரும்பு ரேக் இருக்கும். டவர் சிக்னல் தகரத்தைத் தாண்டி உள்ளே வரத் திணறும். வாசலில் நாலு கோடு காட்டும் போன், கடைசி ரேக்கின் பின்னால் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கு ‘நிறுத்து’ என்று சொன்னது இரண்டு வினாடி கழித்துக் கேட்டால் அந்தக் கருவியால் என்ன பயன்? பக்கத்தில் நிற்பவர்களுக்குள் பேச வாக்கி-டாக்கிதான் பொருத்தம். ஒரு ஆன்டெனாவிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போகிறது, நடுவில் யாரும் இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் மின்சாரம் போனது, பல இடங்களில் செல்போன் தொடர்பும் போனது. டவருக்கு பேட்டரி உண்டு, ஜெனரேட்டர் உண்டு. பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரும் ரோட்டிலும் தண்ணீர் நின்றால் டவர் ஓய்ந்துவிடும். டவர் ஓய்ந்தால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய முரட்டு போனும் வெறும் டார்ச் லைட்தான். அந்த நேரத்தில் உள்ளே வேலை செய்பவர்களை மேட்டுக்கு வரச் சொல்ல, சார்ஜ் ஏற்றிய வாக்கி-டாக்கி ஒரு ஜோடியாவது வேண்டும். ஆள் உயிரோடு சம்பந்தப்பட்ட பேச்சை டவரை நம்பி விடாதீர்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் கவனம் தேவை. சிம் போனுக்கு நீங்கள் தனியாக வயர்லெஸ் உரிமம் எடுக்க வேண்டியதில்லை என்பது சரி. வாக்கி-டாக்கியில், 2018-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த திறன் கருவிக்கு உரிமம் வேண்டாம். ஆனால் அந்த மாடலுக்கு இ.டி.ஏ. எனப்படும் வகை ஒப்புதல் இருக்க வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பல செட்டுகள் இந்த எல்லைக்கு வெளியேயும் ஒலிபரப்புகின்றன. அலைவரிசை, உரிமம், இ.டி.ஏ. விவரம் சரியாகச் சொல்லாமல் வாக்கி-டாக்கிகளை விற்றதற்காக 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இ-காமர்ஸ் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. உங்கள் பழைய செட்டுகள் எந்த அலைவரிசையில் ஓடுகின்றன என்று முதலில் பாருங்கள். உரிமம் தேவைப்படுபவையாக இருந்து காகிதம் இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள். பில் இருக்கிறது என்பது உரிமம் ஆகாது.

போன் வாங்கும்போது விளம்பரத்தில் ‘முரட்டு’ என்று இருந்தால் போதாது. ஐபி67 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்க வேண்டும் என்று பொருள். பொத்தானைக் கையுறை போட்ட விரலால் அமுக்கிப் பாருங்கள். டீசல் இன்ஜின் ஓடும்போது ஸ்பீக்கர் கேட்கிறதா பாருங்கள். சாதாரண ஸ்மார்ட்போனில் ஆப் மட்டும் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்க போன் அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிடும், திரையைத் திறந்தால்தான் பேச்சு வந்து சேரும். கரைப்பான், பெயின்ட், எரிவாயு புழங்கும் இடமானால் போனோ வாக்கி-டாக்கியோ, தீப்பொறி ஆபத்தில்லை என்று சான்று பெற்ற கருவி மட்டுமே உள்ளே போக வேண்டும். முரட்டு போனுக்கும் அந்தச் சான்றுக்கும் சம்பந்தமில்லை.

டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கையில் போனை எடுத்துப் பேசினால் அது குற்றம், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. வண்டியை ஓரங்கட்டிய பிறகே பதில் சொல்ல வேண்டும் என்பதை விதியாக எழுதி ஒட்டுங்கள்.

எந்தக் கருவியானாலும் ஆட்களைப் பழக்குங்கள். பொத்தானை அமுக்கி ஒரு வினாடி விட்டுப் பேச வேண்டும், பேசி முடித்தபின் விட வேண்டும். அவசரத்தில் முன்னதாக விட்டால் ‘ஏத்தாதே’ பாதியில் அறுந்துபோகும். தடுக்க வேண்டிய நேரத்தில் ‘ஸ்டாப், ஸ்டாப், ஸ்டாப்’ என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

பணம் கட்டும் முன் இரண்டு செட்டைச் சோதனைக்குக் கேளுங்கள், இரண்டிலும் வேறு வேறு கம்பெனி சிம் போடுங்கள். ஒன்றைக் குடோனின் கடைசி மூலையில் வைத்து, இன்னொன்றை லாரியில் கும்மிடிப்பூண்டி வரை அனுப்பி ஒரு வாரம் பேசிப் பாருங்கள். சோதனைக்குத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.