சோதனைச் சாலையிலிருந்து காவல் நிலையத்திற்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி)

"படித்து முடித்து என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்காத உறவினர் இல்லை. சென்ற ஆண்டு வரை நான் சொல்லி வந்த விடை ஒன்றே: "பி.எட். முடித்து ஆசிரியை ஆவேன்." எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே அந்த விடை வீட்டார் அனைவருக்கும் இனித்தது. இன்று அதை மாற்றிக்கொள்ளும் எண்ணத்தில் இருக்கிறேன். சென்னை மாநகரக் காவல்துறையில் சேர விரும்புகிறேன். அதன் காரணத்தையும், அப்பணி பற்றி நான் தேடி அறிந்தவற்றையும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்கிறேன்.

விதை விழுந்த இடம்

என் தந்தை தெருமுனையில் வண்டி வைத்துத் துணி தேய்ப்பவர். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஓர் இரவு அவருடைய பித்தளை இஸ்திரிப் பெட்டி திருடு போயிற்று. பிழைப்பே அந்தப் பெட்டிதான். காவல் நிலையம் சென்றோம். "மனு எழுதிக்கிட்டு வா" என்றார்கள். தந்தைக்குக் கையெழுத்து மட்டுமே போடத் தெரியும். பள்ளி நோட்டிலிருந்து தாள் கிழித்து நான் எழுதினேன். இரண்டு மணி நேரம் நின்ற பிறகு மனுவை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ரசீதும் இல்லை, விசாரணையும் இல்லை.

அன்று தவறு எங்களுடையது என்றே நினைத்தேன். எழுதத் தெரியாதவர்கள் அங்கே போகக் கூடாது போலும் என்று எண்ணினேன். கல்லூரி நூலகத்தில் சட்ட நூலைப் புரட்டியபோதுதான் உண்மை விளங்கிற்று.

சட்டம் சொல்வது

அன்று நடைமுறையில் இருந்த 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு கூறுவது இது: பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றி ஒருவர் வாய்மொழியாகச் சொன்னாலும், நிலையப் பொறுப்பு அதிகாரி அதை எழுத வேண்டும், சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், கையொப்பம் பெற வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும். அதுவே முதல் தகவல் அறிக்கை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவிலும் இக்கடமை அப்படியே இருக்கிறது.

எழுதத் தெரியாதவனுக்காகவே எழுதப்பட்ட சட்டம் அது! சட்டம் இருந்தது, அதன்படி எழுத முன்வந்த கைதான் இல்லை. அந்தக் கை ஏன் என்னுடையதாக இருக்கக் கூடாது?

புரெட்டில் கற்ற பாடம்

வேதியியலுக்கும் காவலுக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கலாம். 1849ஆம் ஆண்டிலேயே சென்னையில் நஞ்சு முதலியவற்றை ஆராய அரசு வேதியியல் ஆய்வுக்கூடம் தோன்றியது. இன்றைய தடய அறிவியல் துறைக்கு அதுவே வேர். ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நேரில் சென்று சான்று திரட்ட வேண்டும் என்று புதிய சட்டத்தின் 176ஆம் பிரிவு கூறுகிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் தரப்பட்டுள்ளது.

ஆனால் நான் கற்ற பாடம் இதைவிடச் சிறியது. செய்முறை வகுப்பில் ஆக்ஸாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டுடன் தரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கரைசலைப் போதிய அளவு சூடாக்க மறந்தேன். அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்து வரவில்லை. மூன்றாவதை இரண்டாவதைப் போலவே எழுதி வைத்தேன். எங்கள் பேராசிரியை குறிப்பேட்டைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். "ரீடிங் வராதது தப்பில்லைம்மா. வந்ததா எழுதினதுதான் தப்பு" என்றார்.

காவல் பணியின் பெரிய சோதனையும் இதுவே எனத் தோன்றுகிறது. முடிவை முதலில் தீர்மானித்துவிட்டுச் சான்றை அதற்கேற்ப வளைப்பது எளிது. அடித்து வாங்கிய வாக்குமூலம் அப்படிப்பட்ட திருத்திய அளவீடே. அதனால்தான் காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சாட்சியச் சட்டம் தடுத்திருக்கிறது. என் புரெட்டில் போனது ஒரு மதிப்பெண். அங்கே போவது ஒரு மனிதனின் வாழ்வு.

எந்த வாயில்?

இப்பணிக்கு இரண்டு வாயில்கள் எனக்குத் தெரிகின்றன. இரண்டாம் நிலைக் காவலராகப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் போதும். அடிப்படைச் சம்பளம் ரூ.18,200இல் தொடங்குகிறது. சப்-இன்ஸ்பெக்டர் ஆகப் பட்டமும் 20 வயதும் வேண்டும்; சம்பளத் தொடக்கம் ரூ.36,900. இரண்டிற்கும் 1991இல் அமைந்த தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியமே ஆள் எடுக்கிறது.

வீட்டு நிலையைப் பார்த்தால், படிப்பை இப்போதே நிறுத்திவிட்டுக் காவலராகலாம் என மனம் சொல்கிறது. ஆனால் காவலராகச் சேர்பவர் முதலில் ஆயுதப்படையிலோ சிறப்புக் காவல் படையிலோ சில ஆண்டுகள் பணியாற்றிய பிறகே காவல் நிலையத்துக்கு வருகிறார். நான் விரும்புவதோ புகாரை எழுதும் மேசை. எனவே பட்டத்தை முடித்து இரண்டாவது வாயிலில் நுழைவதே தக்கது என்று முடிவு செய்தேன்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ராத்திரி வேலை?" என்கிறார் அம்மா. அவர் அச்சம் பொய்யன்று. ஆயினும் தமிழகக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973இல். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் பிறந்தது. 2006இல் லத்திகா சரண் சென்னை மாநகரக் காவல் ஆணையரானார். பாதை போடப்பட்டிருக்கிறது, நடப்பதே பாக்கி.

பெண்களுக்குப் பொதுவாகக் கேட்கப்படும் உயரம் 159 செ.மீ. என் உயரம் 161. ஓட்டம் 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடிக்குள். நம் கல்லூரி மைதானத்தில் என் முதல் ஓட்டம் 2 நிமிடம் 51 விநாடி. கடிகாரம் பிடித்த தோழி, "முப்பதுன்னு எழுதிக்கவாடி?" என்று சிரித்தாள். ஐம்பத்தொன்று என்றே எழுதச் சொன்னேன்.

முடிவுரை

தந்தையிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். பெட்டியில் கரியைக் கிளறியபடி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "என்னை மாதிரி ஒருத்தன் வந்து நின்னா, உக்கார வெச்சு எழுதிக்குவியாம்மா?"

"எழுதுவேன்ப்பா" என்றேன். வேறெந்தத் தேர்விலும் இத்தனை கடினமான கேள்வியை நான் சந்திக்கப் போவதில்லை. நான் சொன்ன விடை சரியா என்பதை இனி வரும் ஆண்டுகள்தாம் திருத்த வேண்டும்.

சென்ற வார ஓட்டம் 2 நிமிடம் 38 விநாடி. இன்னும் எட்டு விநாடி குறைய வேண்டும்.