ஏறும்போது சோர் தர்வாஜா, இறங்கும்போது பாலி

புனேக்குக் குடிவந்தவர்களை எல்லாரும் முதலில் சிங்ககட் கோட்டைக்குத்தான் போகச் சொல்வார்கள். நல்ல இடம்தான். ஆனால் அங்கே மேலே வரைக்கும் கார் போகிறது. கணவனும் மனைவியுமாக சனி, ஞாயிறு முழுக்க நடந்து பார்க்க வேண்டும் என்றால் என் சிபாரிசு ராஜ்கட்டும் தோரணாவும். சனிக்கிழமை ராஜ்கட், இரவு அடிவாரக் கிராமத்தில் தங்கல், ஞாயிறு தோரணா. இரண்டையும் இணைக்கிற மலைமுகட்டில் ஒரேயடியாக நடந்து முடிப்பவர்கள் உண்டு. அது கால்வலு உள்ள இளைஞர் கூட்டத்துக்குச் சரி. நடந்து தீர்க்கிற அவசரத்தில் இரண்டு கோட்டையையும் பார்க்காமலே வந்துவிடுவோம் என்பதால் நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

கோட்டை கட்டியவர்கள் எதை எதற்காக வைத்தார்கள் என்று யோசித்தால் நாம் எப்படி ஏறுவது என்பதும் விளங்கிவிடும். ராஜ்கட்டுக்குப் பாலி கிராமத்திலிருந்து போவது ராஜபாட்டை. சுமையோடு வருகிறவர்களுக்காக அகலமாக வெட்டிய படிகள். குஞ்சவணே கிராமத்திலிருந்து போவது சோர் தர்வாஜா, அதாவது திருட்டு வாசல். கடைசிக் கட்டத்தில் பாறையில் கையூன்றி, கம்பியைப் பிடித்து, குனிந்து நுழைய வேண்டும். ஏறுவதற்கு இந்த வழியையும் இறங்குவதற்குப் பாலி வழியையும் வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தில் ஏறினால் மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். அதே செங்குத்தில் இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். பாலியில் வந்து ஏற்றிக்கொள்ள ஒரு ஜீப்புக்கு முந்தின நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.

மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும். வேகமாக நடக்கிறவர் முன்னால் போய், நின்று, திரும்பிப் பார்த்து, பின்னால் வருகிறவர் வந்து சேர்ந்ததும் மறுபடி கிளம்பினால், ஓய்வு கிடைப்பது ஒருவருக்குத்தான். எங்கள் வீட்டில் வேகக்காரி நான். அவர் முன்னால், நான் பின்னால். தண்ணீர் மட்டும் அவரவர் பையில் இரண்டு லிட்டர்.

மேலே போனதும் எல்லாரும் நேராக ஏறுவது பாலே கில்லா என்கிற உச்சிக் கோட்டைக்கு. நான் சஞ்சீவனி மாச்சியை முதலில் பார்க்கச் சொல்வேன். மலையின் தோள்போல் நீண்டு கிடக்கிற பகுதியை மாச்சி என்கிறார்கள். ராஜ்கட்டுக்கு மூன்று மாச்சிகள். சஞ்சீவனியின் கொத்தளங்களுக்கு இரட்டைச் சுவர். நடுவில் ஓர் ஆள் மட்டும் போகிற இடுக்கு. குனிந்து அதற்குள் இறங்கினால் இரண்டு தோளும் கல்லில் உரசும். உள்ளே சில்லென்று இருக்கும். வெளிச்சுவர் உடைந்தாலும் உள்ளே பாய்கிற எதிரி இந்த இடுக்கில்தான் சிக்குவான், எதிரே இன்னொரு சுவர் நிற்கும். கால் நூற்றாண்டுக் காலம் சிவாஜி இந்தக் கோட்டையைத் தலைநகராக வைத்துக்கொண்டதன் காரணம் அந்த இடுக்கில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அவசரப்படாமல் அங்கே ஒரு மணி நேரமாவது செலவழியுங்கள்.

பாலே கில்லாவுக்கு ஏறுகிற பாறைப்படி செங்குத்து. கம்பி போட்டிருக்கிறார்கள், இருந்தாலும் கீழே பார்த்தால் தலை சுற்றும். அவருக்கு உயரம் ஆகாது. "நீ நிதானமா போயிட்டு வா, நான் இங்கேயே உக்காந்திருக்கேன்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. யார் "போதும்" என்றாலும் மற்றவர் மறுபேச்சுப் பேசக்கூடாது என்பது வீட்டிலிருந்து கிளம்பும்போதே செய்துகொள்ளும் ஒப்பந்தம். ஜோடியாக மலையேறுகிறவர்கள் எல்லாரும் இதைச் செய்துகொள்ள வேண்டும். பாதிப் பாறையில் தொங்கிக்கொண்டு முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது. நான் மேலே பிறை வடிவக் குளத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தபோது, அவர் மோர் விற்கிற பாட்டியிடம் எந்தச் சுனைத் தண்ணீர் கோடையிலும் வற்றாது என்று விசாரித்து வைத்திருந்தார்.

சாப்பாட்டை வீட்டிலிருந்து சுமக்க வேண்டாம். அடிவாரத்து வீடுகளில் முதல் நாளே சொல்லி வைத்தால் சூடாக பக்ரி ரொட்டியும் கடலைமாவு பிட்லாவும் பச்சைமிளகாய் தேச்சாவும் கிடைக்கும். அந்தக் காசு ஊர்க்காரர்கள் கைக்கே போய்ச் சேரும். மழைக்காலத்தில் பச்சை கண்ணைப் பறிக்கும்தான், ஆனால் பாறை பாசி பிடித்து வழுக்கும். முதன்முறை போகிறவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது.

தோரணா புனே மாவட்டத்திலேயே உயரமான கோட்டை, 1,403 மீட்டர். பதின்ம வயதிலேயே சிவாஜி பிடித்த கோட்டை. அங்கே கிடைத்த புதையலைக் கொண்டுதான் ராஜ்கட்டைக் கட்டினார் என்பார்கள். வேல்ஹே கிராமத்திலிருந்து விடியற்காலையிலேயே கிளம்புங்கள். வெயில் ஏறிவிட்டால் மொட்டைப் பாறையில் ஒதுங்க நிழல் கிடையாது. மேலிருந்து பார்த்தால் எதிரே ராஜ்கட் முழுசாகத் தெரியும். முந்தின நாள் நடந்த மாச்சிகளை விரலால் தொட்டுக் காட்டலாம். தோரணாவை முதல் நாள் வைக்காததற்கு இது ஒன்றே போதும்.

2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராத்தியக் கோட்டைகளில் ராஜ்கட் ஒன்று. அந்தப் பட்டியலில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி மட்டும்தான். 1670-ல் ராஜ்கட்டில் பிறந்த சிவாஜியின் மகன் ராஜாராம், முகலாயர்களுக்குத் தப்பி செஞ்சிக்குப் போய், ஆண்டுக்கணக்கில் நீண்ட முற்றுகையைத் தாங்கினார். கோட்டை 1698-ல்தான் விழுந்தது, அதற்குள் அவர் தப்பிவிட்டார். ஊருக்குப் போகிறபோது செஞ்சியில் இரண்டு நாள் தங்குவதாக இருக்கிறோம். ஒரு நாள் அங்குள்ள ராஜகிரி மலை, மறுநாள் கிருஷ்ணகிரி மலை.