எம்டன் வந்த இரவும் ஒரு மேசை விளையாட்டும்

துணிவும் தந்திரமும் மிக்க ஒருவனைத் தமிழ்நாட்டார் "அவன் ஓர் எம்டன்" என்று கூறுவதுண்டு. எம்டன் என்பது செருமனி நாட்டிலுள்ள ஒரு துறைமுக நகரத்தின் பெயர். அப்பெயர் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று, முதல் உலகப் போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையைத் தாக்கியது. அன்று மக்கள் கொண்ட வியப்பும் அச்சமுமே, அக்கப்பலின் பெயரைத் தமிழில் நிலைபெறச் செய்தன.

அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இரவு, ஒன்பது மணி கடந்த பின்னர் எம்டன் சென்னையை அணுகியது. அதன் தலைவர் கார்ல் வான் முல்லர் என்பவர். கப்பலில் பத்துப் பீரங்கிகள் இருந்தன. போர்க்காலமாயினும் நகரின் விளக்குகள் அணைக்கப்படவில்லை. உயர்நீதிமன்றக் கட்டடத்தின்மீது இருந்த கலங்கரை விளக்கமும் வழக்கம்போல் சுடர்விட்டது. கரையிலிருந்து ஏறத்தாழ 3,000 கெஜத் தொலைவில் கப்பல் நின்றது. தன் பெருவிளக்கின் ஒளியைத் துறைமுகத்தின்மேல் பாய்ச்சியது. ஏறத்தாழ 125 குண்டுகளைச் சுட்டது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. கரைப் பீரங்கிகள் விடையிறுத்தபோதிலும், ஒரு குண்டும் கப்பலைத் தாக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு எம்டன் இருளில் மறைந்தது.

ஒரு நிகழ்ச்சியைப் படித்து அறிவது ஒரு முறை. அதனையே விளையாட்டாக அமைத்து ஆராய்ந்து அறிவது மற்றொரு முறை. இரண்டாம் முறை நமது நாட்டிற்குப் புதியதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படைகளைப் பலகைமேல் நிறுத்தி ஆடிய சதுரங்கம் இந்நாட்டில் பிறந்ததே. சிற்றூர்த் திண்ணைகளில் கோடு கிழித்து ஆடும் ஆடு புலி ஆட்டமோ இன்னும் நுட்பமானது. சதுரங்கத்தில் இரு பக்கமும் படை சமம், நோக்கமும் ஒன்றே. ஆடு புலி ஆட்டத்தில் புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி ஆட்டைத் தாண்டி வெட்ட முயலும். ஆடுகள் புலியை நகரவொட்டாமல் அடைக்க முயலும். வலிமையும் நோக்கமும் வேறுபட்ட இருவர் பொருதுவதே உலகில் நிகழ்ந்த சிறு போர்களின் இயல்பு ஆகும்.

பிரஷ்யா நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் இளம் படைத்தலைவர், நிலப்படத்தையும் பகடையையும் கொண்டு ஆடும் போர் விளையாட்டு ஒன்றை 1824இல் வெளியிட்டார். அந்நாட்டுப் படைத்தலைவர்கள் அதன்வழிப் பயிற்சி பெற்றனர். இங்கிலாந்தில் பிரெட் ஜேன் என்பவர் 1898இல் கப்பற்போர் விளையாட்டு ஒன்றை அமைத்தார். ஆயினும் இத்தகைய விளையாட்டைச் செய்யப் பொருட்செலவு வேண்டுவதில்லை. தடித்த அட்டையும், தீக்குச்சிகளும், புளியங்கொட்டைகளும், ஒரு பகடையும் இருந்தால் போதும்.

துறைமுகத்தை அடுத்த இராயபுரத்தில் வாழும் மாணவர் இருவர், எம்டன் வந்த இரவை விளையாட்டாக அமைக்க முற்படுவதாகக் கொள்க. அட்டையின் மேற்கு ஓரம் கரை. கிழக்குப் பகுதி கடல். ஒரு கட்டம் 500 கெஜம் என அளவு வகுக்கின்றனர். எனவே கப்பல் கரையினின்று ஆறு கட்டம் தள்ளி நிற்கும். எண்ணெய்த் தொட்டிகளுக்குப் புளியங்கொட்டைகளை வைக்கின்றனர். அடுத்து விதி வேண்டும். "இருவரும் மாறி மாறிப் பகடை உருட்டுவோம். ஐந்தோ ஆறோ விழுந்தால் குண்டு பட்டதாகும்" என்கிறான் ஒருவன். மற்றவன் இசைகிறான்.

ஆடிப் பார்க்கும்போது எம்டன் அடிக்கடி மூழ்கிப்போகின்றது. அன்றிரவு அவ்வாறு நிகழவில்லையே! பிழை பகடையில் இல்லை, விதியில் இருக்கின்றது. கரையில் இருந்தோர் விழிப்புடன் காத்திருந்தனர் என்றும், இருளிலும் கப்பலைக் கண்டனர் என்றும் அவ்விதி தன்னையறியாமல் கூறிவிட்டது. ஒவ்வொரு விதியும் "இதனால் இது நிகழ்ந்தது" என்று சொல்லும் ஒரு கூற்று ஆகும். கூற்று தவறாயின் விளையாட்டும் பொய்யாகும்.

ஆதலின் மாணவர் வரலாற்றை மீண்டும் நோக்கி விதிகளைத் திருத்துகின்றனர். கப்பல் ஒரு முறைக்கு 25 குண்டுகளாக ஐந்து முறையே சுடலாம். தன் பெருவிளக்கு எரியும்போது, பகடையில் ஐந்தோ ஆறோ விழுந்தால் ஒரு தொட்டி பற்றும். விளக்கை அணைத்துவிட்டால் ஆறு விழுந்தால்தான் பற்றும். கரையிலுள்ளவன் ஒவ்வொரு முறையும் முதலில் பகடை உருட்டவேண்டும்; ஆறு விழுந்த பின்னரே அவன் பீரங்கிகள் ஆயத்தமாகும். ஆயத்தமான பின்னரும், கப்பலின் விளக்கு எரிந்தால் மட்டுமே அவன் குறிவைத்துச் சுடலாம். அதற்கும் ஆறு விழவேண்டும். கப்பலுக்கு ஒரு குண்டு பட்டாலும் எம்டன் தோற்றதாகும். பழுது பார்த்துக்கொள்ள அதற்கு அக்கடலில் நட்புத் துறைமுகம் ஏதும் இல்லை. பகைவர் கப்பல்களோ அதனைத் தேடிக்கொண்டிருந்தன. இவ்விதிகளின்படி ஆடும் மாணவன், விளக்கை எப்போது அணைப்பது என்னும் கேள்விக்குத் தானே விடை காணவேண்டியவன் ஆகிறான். அன்று முல்லரின் முன் நின்ற கேள்வியும் அத்தகையதே.

விதிகள் பொருந்துமா என்பதைக் கணக்கால் அறியலாம். விளக்கு எரிய ஐந்து முறை சுட்டால், பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு தொட்டிகள் பற்றும். ஐந்து முறையும் கரைக்கு ஆறு விழாதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 40 ஆகும். ஆகவே கரைப் பீரங்கிகள் சில ஆட்டங்களில் உறங்கிக் கிடக்கும், பலவற்றில் காலந்தாழ்ந்து விழிக்கும், அரிதாகவே வெல்லும். எத்தனை முறை ஆடினும் வரலாற்றில் நிகழ்ந்ததே நிகழுமாயின், அது விளையாட்டு அன்று, கதையே. ஒருமுறையேனும் அவ்வாறு நிகழாதாயின், அது வரலாறு அன்று, கற்பனையே. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே நல்ல விதி.

இவ்வளவும் அமைத்த பின்னரும் ஒரு குறை எஞ்சியுள்ளது. அன்று துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்னும் வணிகக் கப்பலின்மீதும் குண்டுகள் பட்டன. சில உயிர்கள் மாண்டன. நகர மக்கள் பலர் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டு வெளியேறினர். இவர்களுக்கு அட்டையில் இடம் எங்கே? மாணவருள் ஒருவன் புதிய விதி ஒன்றைக் கூறுகிறான்: கப்பலுக்குரிய பகடையில் ஒன்று விழுந்தால், குறி தவறிய குண்டு பிறரைத் தாக்கியதாகக் கொண்டு, வாசலில் ஒரு தீக்குச்சியை வைக்கவேண்டும். அக்குச்சியால் எவரும் வெல்வதும் இல்லை, தோற்பதும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் இருவரும் அவற்றை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதே விதி.

ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் முறையை விளக்கிச் "சிறு போர்கள்" என்னும் நூலை 1913இல் வெளியிட்டார். பொம்மைப் போரை ஆடிப் பார்த்தவன், உண்மைப் போர் எத்துணைக் குளறுபடியும் கேடும் நிறைந்தது என்பதை உணர்வான் என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டே பெரும்போர் மூண்டது. எம்டனும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1914 நவம்பர் 9ஆம் நாள், கோகோஸ் தீவுகளின் அருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி அதனை அழித்தது. எம்டனின் மாலுமிகளுள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

உயர்நீதிமன்ற மதிலில், எம்டனின் குண்டு பட்ட இடத்தைக் காட்டும் கல் ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. விளையாட்டை அமைத்த மாணவர் அங்குச் சென்று அதனைக் காண்பாராயின், அக்கல் அவர்களுக்கு வெறும் கல்லாகத் தோன்றாது. அட்டையில் எண்ணிய 125 குண்டுகளுள் ஒன்று விழுந்த இடம் அது. மேசைமேல் சாய்ந்த கப்பலை மறுநாள் மீண்டும் நிறுத்தி ஆடலாம். அன்று மாண்டவரை மீட்க எந்த விதியாலும் இயலாது.